விளையாட்டுக் கழகமும் அங்கத்தினர் கடமையும்

நூல் விலை, கடன் தவணை, வாய்க்கால் தண்ணீர், வாழைக்கும் வெற்றிலைக்கும் கிடைக்கும் விலை ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே இப்பத்திரிகையின் வழக்கம். விளையாட்டைப் பற்றி இங்கே எழுதப் புகுவது அங்கத்தினர் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், தறியில் அமர்ந்திருப்பவருக்கும் வயலில் இறங்கியிருப்பவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பிள்ளைகள் மாலை நேரத்தை எங்கே, யாருடன், எப்படிக் கழிக்கிறார்கள் என்பது கடன் தவணையைவிடச் சிறிய விஷயமன்று. கூட்டுறவு முறையை அறிந்த நாம் இதில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாமிரவருணிக் கரையில் உள்ள நம் ஊர்களில் விளையாட்டுக்குக் குறைவில்லை. அறுவடை முடிந்த வயலிலும், மழைக்காலம் கழிந்து வற்றிய குளத்திலும் கிரிக்கெட் பந்தாட்டம் நடக்கிறது. பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் பந்தயம் நடக்கிறது. செல்வந்தர் ஒருவர் சட்டை வாங்கித் தருகிறார். மற்றொருவர் கோப்பை தருகிறார். தெருமுனையில் குழுவின் பெயரும் படங்களும் தாங்கிய தட்டி எழும்புகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அக்குழுவைக் காணோம். முன்னின்றவர் வேலை தேடித் திருப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விட்டார். பணம் தந்தவருக்கும் ஆட்டக்காரருக்கும் மனத்தாங்கல் வந்துவிட்டது. வயலில் மறு நடவு தொடங்கிவிட்டது. பிறகு வேறொரு பெயரில் வேறொரு குழு தோன்றுகிறது. அதன் கதையும் இதுவேயாகிறது.

இதற்குக் காரணம் இளைஞரின் சோம்பலன்று. குழு வேறு, கழகம் வேறு. பதினொரு பேர் சேர்ந்தால் குழு ஆகிவிடும். கழகத்துக்கோ மூன்று பொருள்கள் வேண்டும். தனக்கென ஒரு மைதானம். யார் யார் அங்கத்தினர் என்று காட்டும் பதிவேடு. ஆண்டுதோறும் எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்படும் வரவு செலவுக் கணக்கு. இம்மூன்றும் உள்ள கழகம் விழுந்தாலும் எழுந்து நிற்கும் என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே, கடலுக்கு அக்கரையிலேயே, ஓர் உதாரணம் இருக்கிறது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இருந்த உறவை நம் பெரியோர் நன்கு அறிவர். கப்பல் ஏறி அங்கே சென்று கடை வைத்தோரும் வேலை பார்த்தோரும் நம் கரையில் பலர். அக்கொழும்பு நகரில் 1899ஆம் ஆண்டில் தமிழ் யூனியன் கிரிக்கெட், அத்லெட்டிக் கிளப் நிறுவப்பட்டது. கிரிக்கெட் மட்டுமின்றி ஓட்டம், தாண்டல் முதலிய மற்ற விளையாட்டுகளும் அதற்கு உரியவை என்பது அதன் பெயரிலேயே விளங்கும். அதே ஆண்டில்தான் அலெக்சாண்டர் ரீ என்ற அதிகாரி நம் ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் தாழிகளைத் தோண்டத் தொடங்கினார் என்பதை எண்ணினால், அக்கழகத்தின் வயது நமக்கு எளிதில் மனத்தில் பதியும்.

அக்கழகத்துக்கு நிலையான இடத்தை உண்டாக்கித் தந்த பெருமை பாக்கியசோதி சரவணமுத்து என்பவரைச் சேரும். இவர் இலங்கைச் சிவில் சர்வீஸைச் சேர்ந்த அதிகாரி. இலங்கைக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் விளங்கியவர். வனாத்தமுல்லைப் பகுதியில் சதுப்பாகக் கிடந்த நிலத்தைத் தூர்த்து மைதானமாக்கும் வேலையில் அவர் முன்னின்றார். ‘கொழும்பு ஓவல்’ என்று பெயர் பெற்ற அம்மைதானம் பிற்காலத்தில் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. நல்ல நிலம் எவரும் சும்மா தரமாட்டார்கள் என்று நாம் சோர்ந்து போகிறோம். எவரும் வேண்டாத சதுப்பு நிலமும் நூற்றுக்கணக்கானோர் உழைப்பால் ஒரு தேசம் கூடும் இடமாக மாறக்கூடும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

1948 மார்ச்சு மாதத்தில் ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன் தம் குழுவுடன் இங்கிலாந்து செல்லும் வழியில் அம்மைதானத்தில் ஆடினார். இலங்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தமிழ் யூனியனைச் சேர்ந்த மகாதேவ சதாசிவம். அதற்கு முந்திய ஆண்டில்தான் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்தியக் குழுவுக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர். திரண்ட கூட்டத்துக்கு அளவில்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவே, 22 கெஜம் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 கெஜமே இருந்தது என்பது தெரியவந்தது. எவ்வளவு பெரிய விழாவானாலும் அளவுகோலைப் பிடிப்பவர் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இரண்டு கெஜம் குறைந்த துணியைச் சங்கத்தில் ஒப்படைத்தால் என்ன நேரும் என்பதை நெசவாளராகிய நாம் அறிவோம்.

1982 பிப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் பந்தயம் இங்கிலாந்துக்கு எதிராக அம்மைதானத்திலேயே நடந்தது. ஒரு கழகத்துக்கு அதனினும் பெரிய மதிப்பு ஏது? ஆனால் அடுத்த ஆண்டு, 1983 ஜூலையில், கொழும்புத் தமிழர் மீது மூண்ட கொடிய வன்முறையில் இக்கழகமும் தப்பவில்லை. அதன் கட்டடம் தீக்கு இரையாயிற்று. அங்கத்தினர் பலர் வீடிழந்தனர். பலர் நாட்டை விட்டே சென்றனர். கழகம் அன்றோடு முடிந்தது என்று எவரும் எண்ணியிருக்கலாம்.

முடியவில்லை. 1985 செப்டம்பரில் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. கபில்தேவ் தலைமையில் சென்ற நம் இந்தியக் குழுவை 149 ஓட்டங்களில் அது தோற்கடித்த இடம் இதே சரவணமுத்து மைதானம். கட்டடம் எரிந்து இரண்டு ஆண்டுகள் சென்று சில வாரங்களே ஆகியிருந்தன. ஓடும் மரமும் எரிந்தன, மைதானம் எரியவில்லை. கழகம் தங்களுடையது என்று எண்ணிய அங்கத்தினரும் மீதி இருந்தனர். தனி ஒருவர் தயவில் நடந்த குழுவாக அது இருந்திருந்தால், அவர் ஊரை விட்டுப் போன அன்றே அதுவும் போயிருக்கும்.

பிற்காலத்தில் அக்கழகம் வளர்ந்த முறையும் கவனிக்கத்தக்கது. கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன் அக்கழகத்துக்கு ஆடினார். டெஸ்ட் பந்தயங்களில் 800 விக்கெட்டுகள் வீழ்த்தி 2010இல் ஓய்வு பெற்றார். சிங்களவரான ரங்கன ஹேரத்தும் அதே கழகத்துக்கு ஆடியவரே. ஓர் இனத்தாரின் பெயரால் தொடங்கிய கழகம், அந்த இனத்தார் பெருந்துன்பம் அனுபவித்த நகரிலேயே, எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்தது. பெயரை மாற்றிக்கொள்ளவுமில்லை, கதவை அடைக்கவுமில்லை.

இனி, நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கி நின்ற ஒரு குழுவின் கதையைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டில் தமிழ்நாடு பிரிமியர் லீக் பந்தயங்கள் தொடங்கியபோது தூத்துக்குடிக்கென்று டுட்டி பேட்ரியாட்ஸ் என்னும் குழு அமைக்கப்பட்டது. முதலாண்டிலேயே அது கோப்பையை வென்றது. மறு ஆண்டு இரண்டாவதாக வந்தது. நம் இளைஞர் கொண்ட மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. ஆனால் அக்குழுவின் உரிமை கைமாறிற்று. 2021ஆம் ஆண்டுப் பந்தயங்களில் அது சேலத்தின் பெயரைத் தாங்கி ஆடிற்று. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. விலை கொடுத்து வாங்கியவருக்குத் தம் பொருளை எங்கும் கொண்டு செல்ல உரிமை உண்டு. நாம் கைதட்டினோமே தவிரப் பங்கு வைத்திருக்கவில்லை. பொதுச் சபையில் கைதூக்கும் உரிமையும் நமக்கு இல்லை. பார்வையாளராக இருப்பதற்கும் அங்கத்தினராக இருப்பதற்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

அங்கத்தினருடைய கழகம் சிறிய ஊருக்கே பொருந்தும், பெரிய பந்தயங்களுக்கு முதலாளி வேண்டும் என்று சிலர் கூறுவர். அதே 1899இல் ஸ்பெயின் தேசத்தில் தொடங்கிய பார்சிலோனா கழகத்துக்கு இன்று லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர் இருக்கிறார்கள். கழகத்தின் தலைவரை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1990இல் அந்நாட்டு விளையாட்டுச் சட்டம் பெரிய கழகங்களைக் கம்பெனிகளாக மாற்றச் செய்தபோது, பழைய முறையிலேயே நிற்க அனுமதி பெற்ற நான்கு கழகங்களுள் அது ஒன்று. கால்பந்தோடு கூடைப்பந்து, கைப்பந்து முதலிய விளையாட்டுகளும் அக்கழகத்தில் உண்டு.

நெசவாளராகிய நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி. 1844இல் ராச்டேல் நகரில் 28 பேர், பெரும்பாலும் நெசவாளரும் சிறு தொழிலாளருமே, தொடங்கிய கடையிலிருந்து இன்றைய கூட்டுறவு இயக்கம் வளர்ந்ததை நம் சங்கக் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதே பகுதியில் நெல்சன் என்று ஒரு சிற்றூர் உண்டு. பருத்தி நெசவே அதன் பிழைப்பு. அவ்வூர்க் கிரிக்கெட் கழகம் 1929இல் துணிந்து ஒரு காரியம் செய்தது. மேற்கிந்தியத் தீவான டிரினிடாடைச் சேர்ந்த லியரி கான்ஸ்டன்டைன் என்ற ஆட்டக்காரரைச் சம்பளத்துக்கு அமர்த்திற்று. அவர் அடிமைகளின் வழித்தோன்றல். அவரைப் போன்ற கறுப்பு நிறத்தவரை அவ்வூரார் கண்டதே அருமை. தொடக்கத்தில் முறைத்துப் பார்த்தவர் பலர். அவர் அங்கே ஆடிய ஒன்பது பருவங்களில் ஏழு முறை நெல்சன் கழகம் லீகில் முதலிடம் பெற்றது. அவரைக் காணக் கூட்டம் திரண்டது. நுழைவுக் கட்டணத்தால் கழகம் செழித்தது. 1963இல் அந்நகரம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை அளித்துப் போற்றியது. ஆலைத் தொழில் சரிந்து வேலையின்மை பெருகிய கடினமான காலத்தில்தான் அவ்வூர் மக்கள் தங்கள் கழகத்தைக் காத்துக்கொண்டார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

நிறம் பற்றிய இந்தச் செய்தியை இங்கே எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நம் வட்டாரத்தில் விளையாட்டுக் குழுக்கள் பெரும்பாலும் தெருவாரியாக அமைகின்றன. தெருவாரி என்று சொன்னால் சாதிவாரி என்று பொருள். இதை மூடி மறைப்பதில் பயனில்லை. கபடிப் பந்தயத்தில் தோன்றிய மனக்கசப்பு மறுநாள் பள்ளிக்கூட வாசலில் சண்டையாகிறது. பிறகு கையில் கட்டும் கயிற்றின் நிறமாகிறது. சில வேளைகளில் அரிவாளில் போய் முடிகிறது. இச்செய்திகளை நாம் பத்திரிகையில் படித்துப் பெருமூச்சு விடுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் துக்கம் விசாரிக்கிறோம். ஆனால் ஊருக்கு ஒரே மைதானம், ஒரே பதிவேடு, எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்த ஒரே குழு என்ற ஏற்பாட்டைச் செய்ய முன்வருவதில்லை. யாவருக்கும் திறந்த கதவு என்பது கூட்டுறவின் முதல் விதி. அவ்விதியைப் பால் பண்ணையிலும் நூல் கிடங்கிலும் கைக்கொண்டு விளையாட்டில் மட்டும் கைவிடுவது என்ன நியாயம்?

இப்பகுதிப் பிள்ளைகளின் திறமையில் எவருக்கும் ஐயம் வேண்டாம். நம் ஸ்ரீவைகுண்டத்துக்கு அண்மையில் உள்ள மணத்தி என்ற சிற்றூரில் பிறந்த கணேசன், 1994இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் கபடியில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் இடம் பெற்றார். அர்ஜுனா விருதும் பெற்றார். கோவில்பட்டியிலோ ஹாக்கி வேரூன்றி நிற்கிறது. அவ்வூர் இளைஞர் மாரீஸ்வரன் சக்திவேல் இந்தியக் குழுவரை உயர்ந்தார். தீப்பெட்டித் தொழிலாளர் நிறைந்த ஊரில் ஹாக்கி வளர்ந்தது எப்படி? தலைமுறை தலைமுறையாக மைதானம் இருந்தது. ஆடியவர்கள் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆண்டுதோறும் பந்தயம் நடந்தது. இவ்வளவுதான் இரகசியம்.

ஆகவே, நம் கழகம் கிரிக்கெட்டோடு நின்றுவிடலாகாது. கிரிக்கெட்டுக்கு இன்று மதிப்பு மிகுதி; இளைஞரைக் கூட்டிச் சேர்ப்பதற்கு அது நல்ல கருவி. ஆனால் அதற்குப் பொருட்செலவு அதிகம்; ஒரு நேரத்தில் ஆடுபவரோ சிலர். நம் பாட்டனார் சடுகுடு என்று அழைத்த கபடிக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள மண் தரை போதும். கைகளால் வலைக்கு மேல் தட்டும் வாலிபாலுக்கு 18 மீட்டருக்கு 9 மீட்டர் போதும். கிரிக்கெட் எல்லையை 65 மீட்டர் தொலைவில் வகுத்தால் ஏறக்குறைய மூன்றரை ஏக்கர் நிலம் வேண்டும். கால்பந்துத் திடலை அதற்குள்ளேயே அடக்கலாம். ஓரத்து மூலைகளில் மற்றவற்றை அமைக்கலாம். ஒரே நிலத்தில் நெல்லும் உளுந்தும் மாறிமாறி விளைவிப்பவர்க்கு இந்தக் கணக்கு புதிதன்று.

பெண்களை மறந்து செய்யும் ஏற்பாடு பாதி ஏற்பாடே. 2025 நவம்பரில் நம் நாட்டு மகளிர் கிரிக்கெட் குழு உலகக் கோப்பையை வென்றபோது நம் வீடுகளிலும் ஆரவாரம் எழுந்தது. ஆனால் அன்று கைதட்டிய சிறுமி மறுநாள் மாலை எங்கே போய் ஆடுவாள்? சங்கங்களில் பெண் அங்கத்தினர் பெருகியிருக்கிறார்கள். கழகத்தின் நிர்வாகக் குழுவிலும் அவர்களுக்கு இடம் வேண்டும்; மைதானத்தில் குறித்த நேரம் பெண்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும்.

சில ஆட்சேபங்களுக்கும் பதில் கூறவேண்டும். “சங்கத்தின் பணம் நெசவாளரின் வேர்வை, அதைப் பந்துக்கும் மட்டைக்கும் செலவிடலாமா?” என்று மூத்த அங்கத்தினர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. சங்கத்தின் மூலதனத்தில் ஒரு காசையும் தொடவேண்டியதில்லை. இலாபத்தில் உபவிதிகள் இடம் தரும் அளவுக்குப் பொது நல நிதியிலிருந்து சிறு உதவி செய்யலாம். அதுவும் பொதுச் சபையின் தீர்மானத்தின் பேரில். மற்றச் செலவுக்குக் கழகமே பொறுப்பு. இருநூறு அங்கத்தினர் மாதம் இருபது ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 48,000 ரூபாய் சேரும். ஒரு செல்வந்தர் தரும் நன்கொடையைவிட இத்தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டும் வரும். எவருடைய படத்தையும் தட்டியில் போடும்படி கேட்காது.

“விளையாடித் திரிந்தால் பிள்ளைகள் தொழிலை மறப்பார்கள்” என்பது மற்றொரு பேச்சு. மாலை இரண்டு மணி நேரம் மைதானத்தில் ஓடிய இளைஞன் தொழிலை மறந்ததாகக் கேட்டதில்லை. வேலையில்லாமல் மதுக்கடை வாசலிலும் கைப்பேசிச் சூதாட்டத்திலும் மாட்டிக்கொண்டவரே தொழிலை மறக்கிறார்கள். மேலும், சேர்ந்து பழகிய இளைஞர் ஊருக்கு ஆபத்து வரும்போது கை கொடுப்பார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுவிட்டபோது, தாமே வெள்ளத்தில் தவித்த புதுக்குடி மக்கள் பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். அத்தகைய நற்குணம் நம் ஊர்களில் இயல்பாகவே இருக்கிறது. அதற்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டால் அதன் பயன் பன்மடங்காகும்.

செய்யவேண்டியவை எவை? முதலாவது, இடம். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே மண்வெட்டி படலாகாது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பவும் சட்டம் இடம் தராது. முன்னோர் துயிலும் பூமியைப் பேணுவதும் நம் கடமையே. ஆதலால், ஊராட்சி மன்றத்தின் ஒப்புதலுடன், நீர்நிலையும் மேய்ச்சலும் கெடாத வேறு தரிசு நிலத்தைத் தேடி, ஆவணத்தில் ஏறும்படி நீண்டகாலக் குத்தகைக்குப் பெறவேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் புல் நட்டால், புல் வளர்ந்த பிறகு வழக்கும் வளரும்.

இரண்டாவது, பதிவு. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் கழகத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். உபவிதிகளை எழுதுவதில் நம் சங்கக் காரியதரிசிகள் உதவக்கூடும். எந்தத் தெருவினரும் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது போன்ற விதி ஒன்றை முதலிலேயே சேர்த்துவிடுவது நலம்.

மூன்றாவது, கருவிகள். 2024இல் தொடங்கப்பட்ட கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தின் வழியே தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்குக் கிரிக்கெட் மட்டை, வாலிபால் முதலிய 33 வகைப் பொருள்கள் அனுப்பப்பட்டன. அவற்றைக் கேட்டு வாங்கி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, காலையில் கொடுத்து மாலையில் திரும்பப் பெறுவதற்குப் பொறுப்பான கழகம் இருந்தால்தான் பயன். இல்லையேல் மட்டைகள் பூட்டிய அறையில் கரையானுக்கு இரையாகும். அன்றி, முதலில் சாவி பெற்ற தெருவுக்குச் சொந்தமாகும்.

நான்காவது, கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த நாளில், மரத்தடியிலாவது பொதுச் சபை கூடவேண்டும். பந்து எத்தனை வாங்கினோம், எத்தனை மிச்சம் என்பதுவரை படிக்கப்பட வேண்டும். இளைஞர்களே பொருளாளராகவும் தணிக்கையாளராகவும் இருக்கட்டும். இருபது வயதில் விளையாட்டுக் கழகத்தின் கணக்கை நேர்மையாக எழுதியவன், நாற்பது வயதில் நெசவாளர் சங்கத்தின் தலைமைக்குத் தகுதி உடையவனாவான். இன்று நம் சங்கங்களின் கூட்டத்துக்கு வருவோரில் நரைத்த தலைகளே மிகுதி. அடுத்த தலைமுறை எங்கே என்று வருந்துகிறோம். அவர்கள் மைதானத்தில்தான் இருக்கிறார்கள்; கூட்டுறவை அங்கேயே கற்பிக்கலாம்.

ஐக்கிய நாடுகள் சபை 2025ஐ சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. விழாக்கள் நடந்தன; பேச்சுகள் பேசப்பட்டன. அந்த ஆண்டின் நினைவாக ஊருக்கு ஒரு மைதானமும் ஒரு பதிவேடும் ஏற்பட்டால் அதுவே நிலைத்த பயனாகும். அடுத்த பொதுச் சபையின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்க்கும்படி ஒவ்வோர் அங்கத்தினரும் தம் சங்கத்துக்கு இப்போதே எழுதிக் கொடுப்பாராக. தீர்மானம் நிறைவேறும் அன்று தம் பிள்ளைகளையும் உடன் அழைத்து வருவாராக. பதிவேட்டின் முதல் பக்கத்தில் எல்லாத் தெருக்களின் பெயர்களும் கலந்து இருக்கட்டும்.